பந்து கற்பித்த பள்ளி ஆசிரியர்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, விடுதிக்குப் பின்னால் உள்ள திடலில் நம் சங்கத்துக் குழுவும் வங்காள மாணவர் குழுவும் கால்பந்து ஆடின. கோல் காக்கும் பொறுப்பு எனக்கு. ஐந்து முறை பந்து என்னைத் தாண்டிச் சென்றது. நம்மவர் ஒருமுறைகூட எதிர்க் கோலை எட்டவில்லை. பந்து கிடைத்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு வானத்தை நோக்கி உதைப்பது, பின்பு எல்லோரும் அதன் பின்னே ஓடுவது: இதுதான் நாம் ஆடிய ஆட்டம். வங்காளத்தாரோ பந்தைத் தரையிலேயே உருட்டி, ஒருவர் காலிலிருந்து மற்றவர் காலுக்கு அனுப்பி, நம்மைச் சுற்றிச் சுற்றி வந்தனர்.

ஆட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றபோது, என் ஆய்வுக்கூடத் தோழனாகிய வங்காள நண்பன் ஒருவன் கால்பந்து என்பது கல்கத்தாவின் சொத்து என்று பெருமை பேசினான். தோற்றவனுக்கு வாய் ஏது? பேசாமல் இருந்தேன். கடையில் நின்ற முதியவர் ஒருவர் மட்டும் சிரித்துவிட்டு, ரஹீம் சாகிபின் ஊரில் நின்றுகொண்டு இப்படிப் பேசலாமா தம்பி என்ற பொருளில் உருதுவில் ஏதோ சொன்னார். என் அரைகுறை உருதுவுக்கு எட்டியது அவ்வளவுதான். வங்காள நண்பன் உடனே காதைத் தொட்டுக்கொண்டு தலை தாழ்த்தினான். அவனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

ஐதராபாத்துக்கு வந்து ஈராண்டுகள் ஆகின்றன. சார்மினாரைப் பார்த்தாயிற்று, கோல்கொண்டாவில் கை தட்டி எதிரொலி கேட்டாயிற்று, பிரியாணியும் தின்றாயிற்று. ஆயினும் இவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இந்தியாவை ஆசியாவின் முதற் குழுவாக ஆக்கினார் என்பதை அந்தக் கடை வாசலில்தான் முதன்முதலாகக் கேட்டேன். அவரும் நாம் படிக்கும் இதே உஸ்மானியாவில் படித்தவர் என்று பிறகு அறிந்தபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது. அந்த வெட்கத்தின் பயனே இக்கட்டுரை.

சையது அப்துல் ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அப்போது இது நிஜாமின் தலைநகரம். அவருக்கு ஒன்பது வயது ஆனபோது, 1918-இல், உஸ்மானியாப் பல்கலைக் கழகம் தோன்றியது. அக்காலத்தில் இங்கே விஞ்ஞானமும் மருத்துவமும் உட்பட எல்லாப் பாடங்களும் உருதுவில் கற்பிக்கப்பட்டன. தாய்மொழியில் விஞ்ஞானம் கூடுமா என்று நம் நாட்டில் நெடுங்காலம் வாதாடிக்கொண்டிருந்தோம். இந்தியமொழி ஒன்றில் வேதியியலை நடத்திக் காட்டிய பல்கலைக் கழகம் இது. கால்பந்துக்கும் இதற்கும் தொடர்பு என்ன என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

ரஹீம் இங்கே பி.ஏ. பட்டம் பெற்றார். பல்கலைக் கழகக் குழுவில் முன்னணி ஆட்டக்காரராக விளையாடினார். படிப்பு முடிந்ததும் பள்ளி ஆசிரியர் ஆனார். காச்சிகுடா, சாதர்காட் முதலிய இடங்களில் உள்ள பள்ளிகளில் பாடம் நடத்தினார். உடற்பயிற்சிக் கல்வியில் ஒரு டிப்ளோமாவும் பெற்றுப் பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். உள்ளூர்க் குழுக்களிலும் தொடர்ந்து ஆடினார். 1943-இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பதவி அவரிடம் வந்தது. சாகும் வரையில், இருபது ஆண்டுகள், அப்பதவியில் இருந்தார்.

அவர் போலீஸ்காரர் அல்லர் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அவர் பெயர் என்றும் ஐதராபாத் நகரப் போலீஸ் குழுவோடு சேர்த்தே பேசப்படுவதால், காக்கிச் சட்டை அணிந்த அதிகாரி ஒருவரையே நானும் முதலில் எண்ணிக்கொண்டேன். சுண்ணக்கட்டி பிடித்த கைதான் அது. காலையில் பிள்ளைகளுக்குப் பாடம், மாலையில் போலீஸ்காரர்களுக்குப் பந்து. போலீஸ் குழுவைச் செதுக்கியவர் அவர். நகரத்தின் ஏழை வீட்டு இளைஞர் பலர் பந்து ஆடியே போலீஸ் வேலைக்குச் சேர்ந்தனர். பந்து அவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று, சோறு.

1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் வந்தது. நிஜாமின் ஆட்சி முடிந்தது. அந்த நாட்களில் இந்நகரத்து மக்கள் மனத்தில் எவ்வளவு அச்சமும் ஐயமும் இருந்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஊரின் பழைய பெருமைகள் பல சரிந்துகொண்டிருந்த வேளை. அதற்கு ஈராண்டுகள் கழித்து, 1950-இல், இவ்வூர்ப் போலீஸ் குழு பம்பாய்க்குச் சென்று ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதே ஆண்டு டில்லியில், பிரிவினைக்குப் பின் மீண்டும் தொடங்கிய துராந்துக் கோப்பையில், கல்கத்தாவின் மோகன் பகானை எதிர்த்து இறுதி ஆட்டம் ஆடியது. முதல் ஆட்டம் வெற்றி தோல்வி இன்றி முடிந்தது. மறு ஆட்டத்தில் ஒரு கோல் அடித்து நம் ஊரார் வென்றனர். என் வங்காள நண்பன் காதைத் தொட்டுக்கொண்டதன் காரணம் இப்போது விளங்குகிறதா?

அன்றைய இந்தியாவில் இன்றுள்ளது போன்ற தேசிய லீக் கிடையாது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஆண்டு முழுதும் ஊருக்கு ஊர் ஆடிப் புள்ளி சேர்த்து வாகை சூடுவர். இங்கே கல்கத்தாவில் ஒரு கோப்பை, பம்பாயில் ஒன்று, டில்லியில் ஒன்று என்று குழுக்கள் ரயில் ஏறிச் சென்று தங்கி ஆடின. அந்தக் கோப்பைகளே நம் முதல்தர ஆட்டம். அவற்றுள் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஐதராபாத் போலீஸ் வென்றது. ஆடியவர்கள் மாத ஊதியத்துக்குப் பாரா நிற்கும் காவலர்கள். நூர் முகம்மது, அஜீசுதீன், மொயினுதீன், லாயிக், அந்தோணி பாட்ரிக், சூசை, தர்மராஜ் என்று அக்குழுவின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். இசுலாமியர், கிறித்துவர், இந்துக்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சூசையும் தர்மராஜும் நம் காதுக்குப் பழகிய பெயர்களாக ஒலிக்கின்றன அல்லவா?

இவ்வளவு வெற்றிக்கும் காரணம் என்ன என்று தேடினேன். ஒரு விஞ்ஞான மாணவன் என்ற முறையில் என் மனத்தைக் கவர்ந்த பகுதி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டும்.

அக்காலத்தில் இந்தியாவில் ஆடப்பட்ட ஆட்டம் ஆங்கிலப் பட்டாளத்தாரிடமிருந்து கற்றது. பந்தை ஓங்கி உதைத்து முன்னே அனுப்பிவிட்டு உடல் வலிமையால் மோதுவது அதன் முறை. ஆறடி உயரமும் கனத்த பூட்சும் உள்ள பட்டாளத்தாருக்கு அது பொருந்தும். நம்மவர் உயரம் குறைந்தவர். பலர் வெறுங்காலுடன் ஆடினர். தனித்திறமை உடையவர்கள் பந்தைக் காலிலேயே ஒட்டவைத்துக்கொண்டு நான்கு பேரை ஏய்த்துச் செல்வார்கள். கூட்டம் கை தட்டும். ஐந்தாமவன் பறித்துக்கொள்வான். இரண்டு வழியும் வேண்டாம் என்றார் ரஹீம். பந்து தரையில் செல்ல வேண்டும். விரைவாகச் செல்ல வேண்டும். வந்த பந்தை ஒரே தொடுகையில் மற்றவனுக்கு அனுப்ப வேண்டும். மனிதன் ஓடுவதைவிடப் பந்து வேகமாக ஓடும் என்பதை எந்தப் பௌதிகப் புத்தகமும் மறுக்காது.

இதைச் சொற்பொழிவால் கற்பிக்க முடியாது என்பது ஆசிரியராகிய அவருக்குத் தெரியும். ஆகவே விதிகளை மாற்றிப் போட்டிகள் நடத்தினார். பந்தை வைத்துக்கொண்டு ஏய்த்து ஓடவே கூடாது என்று ஒரு போட்டி. வலக்கால் பழக்கம் உள்ளவன் இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி. உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு போட்டி. ஆய்வுக்கூடத்தில் நாம் என்ன செய்கிறோம்? வெப்பத்தை மாற்றும்போது அழுத்தத்தை மாற்றாமல் வைக்கிறோம். ஒன்றைக் கட்டிப் போட்டால்தான் மற்றொன்றின் இயல்பு தெரியும். ரஹீம் திடலையே ஆய்வுக்கூடமாக ஆக்கினார். வலக்காலைக் கட்டிப் போட்டார், இடக்கால் விழித்துக்கொண்டது. ஏய்ப்பதைக் கட்டிப் போட்டார். கண் நிமிர்ந்து தோழன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கக் கற்றது. வெளிநாட்டு நிபுணர் யாரும் வந்து சொல்லிக் கொடுத்த முறை அன்று இது. கையில் இருந்த பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து ஒரு பள்ளி ஆசிரியர் கண்டுகொண்ட முறை.

அவர் இவற்றையெல்லாம் உருதுவில் கற்பித்தார். சந்துகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் புரிகின்ற மொழியில் நவீன ஆட்டத்தின் நுணுக்கம் முழுதும் சென்று சேர்ந்தது. உஸ்மானியாவில் கற்ற பாடம் அவரிடம் வீண் போகவில்லை என்று நான் எண்ணுகிறேன். முன்னால் சொன்ன தொடர்பு இதுதான்.

இந்தியக் குழுவின் பொறுப்பு 1950-இல் அவரிடம் வந்தது. 1951 மார்ச்சில் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டு விழா. இந்தியா மூன்று ஆட்டங்கள் ஆடியது. இந்தோனேசியாவை 3–0, ஆப்கானித்தானை 3–0, இறுதியில் ஈரானை 1–0 என வென்றது. மேவாலால் அடித்த அந்த ஒரு கோலில் தங்கப் பதக்கம் கிடைத்தது. நம் வலைக்குள் ஒரு பந்துகூட விழவில்லை.

அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக். அங்கே நடந்ததை எழுதக் கை கூசுகிறது. யூகோசுலாவியா பத்துக் கோல், இந்தியா ஒன்று. அகமது கான் அடித்த அந்த ஒன்றும் இல்லாவிடில் முகத்தில் விழிக்க முடியாது. வடதுருவத்துக்கு அருகில் உள்ள குளிர்ந்த ஊர் அது. நம்மவருள் பலர் வெறுங்காலுடன் அந்தப் புல்லில் நின்றனர். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1948-இல் இலண்டனில், ரஹீம் பொறுப்பேற்பதற்கு முன்னர், இதே வெறுங்கால் குழு பிரான்சை எதிர்த்து ஆடியது. சாரங்கபாணி ராமன் இந்தியாவுக்கு ஒரு கோல் அடித்தார். இரண்டு பெனால்டிகளை நம்மவர் வீணாக்கினர். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மற்றொரு கோல் அடித்து 2–1 என வென்றது. அந்தத் தோல்வியை நாடே கொண்டாடியது. வெறுங்காலால் வெள்ளையரை அச்சுறுத்தினோம் என்று பெருமை பேசினோம். அந்தப் பெருமைக்கு விலை ஹெல்சிங்கியில் கொடுத்தோம் என்பது என் கருத்து. இனிப் பூட்சு இல்லாமல் ஆடக்கூடாது என்று அகில இந்தியக் கால்பந்துச் சங்கம் அதன் பிறகுதான் விதி செய்தது.

பத்துக் கோல் வாங்கிய பயிற்சியாளரைத் தொலைத்துக் கட்டுவதுதான் உலக வழக்கம். ஐந்து கோல் வாங்கிய எனக்கே நம் குழுவில் இடம் ஐயமாக இருக்கிறது! ரஹீம் ஊருக்குத் திரும்பினார். மறுபடியும் பள்ளிக்கும் திடலுக்கும் போனார். இடையில் சில போட்டிகளுக்கு வேறு பயிற்சியாளர்கள் அனுப்பப்பட்டனர். அவர் போலீஸ் குழுவைக் கொண்டு கோப்பைகளை வென்றுகொண்டே இருந்தார். அந்த ஆண்டுகளில் ஹங்கேரி நாட்டார் நடு முன்னணி ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து ஆடும் புது முறையால் 1953-இல் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் 6–3 என வீழ்த்தியிருந்தனர். உலகம் வியந்தது. ரஹீம் வியந்ததோடு நில்லாமல் அதைத் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்.

இங்கே இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாம் பிழைப்புக்கும் படிப்புக்கும் இவ்வூருக்கு வந்தவர்கள். நமக்கு முன்னே பட்டாளத்துக்கும் ரயில்வேக்கும் வந்து செகந்திராபாத்தில் குடியேறிய தமிழர் பலர். அக்குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இவர்கள்.

ஒருவர் பீட்டர் தங்கராஜ். 1935-இல் ஐதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத்துக் குழுக்களில் ஆடிவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். முதலில் முன்னணியில் கோல் அடிப்பவராக இருந்தவர், பிறகு கோல் காவலராக மாறினார். நெடிய உருவம், நீண்ட கைகள். நீலகிரி வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் குழு 1955-இலும் 1958-இலும் துராந்துக் கோப்பையை வென்றபோது கோலில் நின்றவர். ஆசியாவின் சிறந்த கோல் காவலர் என்று 1958-இல் மதிக்கப்பட்டார். 1967-இல் அர்ஜுனா விருதும் பெற்றார்.

மற்றவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்துக்கு வெளியே அம்முகுடா என்னும் சிற்றூர், தமிழ்க் குடும்பம், தாயின் பெயர் முத்தம்மா. வறுமை. பிறர் கழித்துப் போட்ட பழைய பூட்சுகளைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துக் கால்பந்துப் பூட்சாக மாற்றிக்கொண்டு ஆடிய பையன். அவன் ஆட்டத்தை ரஹீம் கண்டார். சந்தோஷ் கோப்பைக்கான பயிற்சிக்கு நகரத்துக்கு வரச் சொன்னார். அவ்வளவு தூரம் வரக் காசு இல்லை என்று பையன் தயங்கினான். வாடகைச் சைக்கிளுக்கு உரிய காசை ரஹீமே கொடுத்தார். இதைப் பலராம் முதுமையிலும் சொல்லிவந்தார். வாடகைச் சைக்கிளில் வந்த அந்தப் பையன் இரண்டு ஒலிம்பிக் விழாக்களில் ஆடினான். 2023 பிப்ரவரியில் அவர் மறைந்த செய்தி வந்தபோது நான் இளங்கலை மாணவன். அதைக் கடந்து போயிருப்பேன். இப்போது எண்ணும்போது மனம் உறுத்துகிறது.

1956 நவம்பர் முதல் நாள் ஐதராபாத் இராச்சியம் மொழிவாரியாகப் பிரிந்து மறைந்தது. சரியாக ஒரு திங்கள் கழித்து, டிசம்பர் முதல் நாள், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ரஹீமின் குழு ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே எதிர்த்தது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். நான்காவதை அடித்தவர் கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி. 4–2 என வென்று இந்தியா அரையிறுதிக்குச் சென்றது. ஆசிய நாடு ஒன்று ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குச் சென்றது அதுவே முதல் முறை. அரையிறுதியில் எதிரே நின்றவர் யார் தெரியுமா? அதே யூகோசுலாவியர். இம்முறை முதல் கோலை அடித்தது இந்தியா! பிறகு நான்கு வாங்கித் தோற்றோம் என்பது உண்மைதான். ஆனால் பத்துக்கு ஒன்று என்பது நான்காண்டில் நான்குக்கு ஒன்று ஆயிற்று. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று நான்காம் இடம் பெற்றோம். அந்தக் குழுவில் ஐதராபாத்துப் பிள்ளைகள் பலர் இருந்தனர். ஊருக்குள்ளும் அறுவடை குறையவில்லை: 1956–57, 1957–58 என ஈராண்டும் ஐதராபாத் சந்தோஷ் கோப்பையை வென்றது.

1960-இல் ரோம். ஒரே பிரிவில் ஹங்கேரி, பிரான்சு, பெரு. இதைவிடக் கடினமான பிரிவை யாரும் நமக்கு ஒதுக்கியிருக்க முடியாது. ஹங்கேரியிடம் 2–1 என்று தோற்றோம்; நம் கோல் பலராமுடையது. அந்த ஹங்கேரிக் குழுவில் இருந்த ஆல்பர்ட் பின்னாளில், 1967-இல், ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றவர். அடுத்தது பிரான்சு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வெறுங்காலோடு எதிர்த்த அதே நாடு. பி. கே. பானர்ஜி கோல் அடிக்க, இந்தியா 1–0 என முன்னணியில் நின்றது. ஆட்டம் முடியப் பத்து நிமிடத்துக்குள் இருக்கும்போது பிரான்சு சமன் செய்தது.

ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. அன்று ஒலிம்பிக்கில் ஊதியம் பெறும் ஆட்டக்காரர்களுக்கு இடம் இல்லை. 1932 முதல் பிரான்சில் தொழில்முறை லீக் நடந்து வந்தது. 1959–60 பருவத்தில் அதை வென்ற ரீம்ஸ் நகரக் குழுவில் கோப்பா, பொந்தேன் போன்ற பேராற்றல் படைத்தவர்கள் இருந்தனர். அவர்கள் ரோமுக்கு வரவில்லை. வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். ஆனால் நம் பக்கமும் எண்ணிப் பாருங்கள். ரயில்வே எழுத்தர், பட்டாளச் சிப்பாய், போலீஸ்காரர் என்று அலுவலக விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர்கள் நம் ஆட்டக்காரர்கள். பயிற்சியாளர் பள்ளி ஆசிரியர். அக்குழுவில் ரஹீமின் மகன் சையது ஷாகித் ஹக்கீமும் இடம் பெற்றிருந்தார். இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் ஆடியது அதுவே கடைசி முறை.

பிறகு 1962. ஜகார்த்தா.

ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் பற்றியிருந்தது. அவர் ஓயாது புகை பிடிப்பவர். பிறருக்கு உடல் நலத்தைக் கற்பித்த ஆசிரியர் தம் உடலுக்குச் செய்த தீங்கு இது; வாழ்க்கை வரலாறு எழுதுகிறவன் இதை விட்டுவிட்டு எழுதினால் அது புகழ்மாலை ஆகிவிடும். நோயோடுதான் குழுவைக் கூட்டிச் சென்றார். சூனி கோஸ்வாமி தலைவர். பானர்ஜி, பலராம், ஜர்னைல் சிங், அருண் கோஷ், யூசுப் கான், தங்கராஜ், அருமைநாயகம், எத்திராஜ் முதலியோர் உடன் சென்றனர்.

தொடக்கமே சரிவு. தென் கொரியாவிடம் 2–0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4–1 என வென்றபோது பின்னணியின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட நேர்ந்தது. அவர் இல்லாமலே சப்பானை 2–0 என வென்றனர். அரையிறுதி. ஜர்னைல் தலையில் கட்டோடு நிற்கிறார். பின்னணியில் நின்றால் வருகின்ற பந்தையெல்லாம் தலையால் முட்டித் தள்ள வேண்டும், காயம் தாங்காது. வேறு யாராக இருந்தாலும் அவரை உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரை முன்னணிக்கு அனுப்பினார்! கல்லூரி நாட்களில் ஜர்னைல் முன்னணியில் ஆடியவர் என்பது ஆசிரியரின் நினைவில் இருந்தது. தென் வியட்நாமை 3–2 என வென்ற அந்த ஆட்டத்தில் சூனி இரண்டும், தலையில் கட்டோடு ஜர்னைல் ஒன்றும் அடித்தனர்.

இதற்கிடையில் ஊரே நம் குழுவுக்குப் பகையாகிவிட்டது. இசுரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா இடம் மறுத்ததை, ஆசிய விளையாட்டு விழாவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகிய நம் ஜி. டி. சோந்தி கண்டித்தார். அவர் சொன்னது நியாயமே. ஆனால் அடி விழுந்தது ஆட்டக்காரர்கள் தலையில். நகரத்தில் இந்தியர்க்கு எதிராகக் கலவரம். இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. குழுவினர் பேருந்தில் செல்லும்போது தலைப்பாகை தெரியாதிருக்க ஜர்னைல் கீழே குனிந்து மறைந்து சென்றார் என்று தோழர்கள் பின்னாளில் நினைவு கூர்ந்தனர். இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரவு யாருக்கும் தூக்கம் இல்லை. ரஹீம் பிள்ளைகளை அழைத்துப் பேசினார். தமக்கு ஒரே ஒரு பரிசு வேண்டும், நாளைக்கு அந்தத் தங்கத்தைத் தர வேண்டும் என்று கேட்டாராம். அவருடைய நோயின் கடுமையை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருந்தார்களோ!

செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள். ஏறக்குறைய நூறாயிரம் பேர் கூடிய அரங்கம். இந்தியாவின் பெயரைச் சொன்னாலே கூச்சல். எதிரே, முதல் ஆட்டத்தில் நம்மை வென்ற தென் கொரியர். அந்தப் பெருங்கூட்டத்தில் நமக்காகக் கை தட்டியவர் பாகித்தான் ஹாக்கி வீரர்கள் என்று நம் வீரர்கள் பின்னர் நன்றியோடு சொல்லி வந்தனர். காய்ச்சலால் முந்திய ஆட்டங்களில் ஒதுங்கியிருந்த தங்கராஜ் கோலுக்குத் திரும்பினார். பதினேழாம் நிமிடத்தில் பானர்ஜி ஒரு கோல். மூன்று நிமிடம் கழித்து, தையல் போட்ட தலையோடு, ஜர்னைல் ஒரு கோல். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொரியர் மோதி மோதிப் பார்த்தனர். கடைசி ஐந்து நிமிடத்தில்தான் ஒரு பந்து தங்கராஜைக் கடந்தது. 2–1. தங்கம் இந்தியாவுக்கு.

அவ்வாட்டத்தை நான் எத்தனையோ முறை மனத்துள் ஆடிப் பார்த்திருக்கிறேன். கோல் காப்பவன் ஆகையால் என் கண்ணில் நிற்பவர் தங்கராஜ்தான். தமிழ்ப் பெயர் கொண்ட ஓர் ஐதராபாத்துப் பிள்ளை, பகைக் கூச்சலிடும் நூறாயிரம் பேர் நடுவே, ஓர் உருது ஆசிரியர் கேட்ட பரிசைக் காத்துக்கொண்டு நின்றார்.

ரஹீம் ஊர் திரும்பினார். நோய் முற்றியது. 1963 சூன் 11-ஆம் நாள் இறந்தார். வயது ஐம்பத்து மூன்று. அதன் பின் ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா கால்பந்துத் தங்கம் வென்றதில்லை. 1970-இல் பாங்காக்கில் ஒரு வெண்கலம் கிடைத்தது. அந்தக் குழுவின் தலைவர் ஐதராபாத்துக்காரராகிய நயீமுதீன். அதுவே கடைசிப் பதக்கம். ஐதராபாத்தில் சந்து தோறும் இருந்த திடல்கள் வீடுகளாயின. பிள்ளைகள் கிரிக்கெட்டுக்குப் போயினர். ஆடியவர்கள் பலர் முன்பே கல்கத்தாக் குழுக்களுக்குப் போய்விட்டிருந்தனர். இந்த வீழ்ச்சிக்கு ஆசிரியர் இறந்ததே காரணம் என்று இவ்வூர் முதியோர் சொல்கின்றனர். ஒருவர் இறந்தால் அழியக்கூடிய முறை எப்படி முறை ஆகும் என்று எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. ஆய்வுக் குறிப்பேடு இல்லாமல் செய்த சோதனையை அடுத்தவன் தொடர முடியாது. அவர் கற்பித்ததைப் பள்ளிப் பாடமாக்கி நாடு முழுதும் பரப்ப யாரும் முன்வரவில்லை; அவரது குறை என்று இதைச் சொல்வேனா, நம் குறை என்று சொல்வேனா? சிறந்த பயிற்சியாளர்க்குத் துரோணாச்சாரியார் விருது என்று அரசு ஏற்படுத்தியது 1985-இல். அப்போது அவர் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் ஹக்கீம் பன்னாட்டு நடுவராகவும் பயிற்சியாளராகவும் விளங்கி, 2017-இல் தியான்சந்து விருது பெற்று, 2021-இல் மறைந்தார். 2024-இல் ரஹீமின் கதையை வைத்து மைதான் என்ற இந்தித் திரைப்படம் வந்தது. அஜய் தேவ்கன் நடித்தார். திரைப்படம் என்றால் கூட்டலும் கழித்தலும் இருக்கும். ஆயினும் விடுதியில் அதைப் போட்டுப் பார்த்த இரவில் ஜர்னைலின் கோலுக்கு வங்காளத்தாரும் நாமும் ஒன்றாக எழுந்து கத்தினோம்.

மறுநாள் நம் குழுத் தலைவர் அண்ணனிடம் ஒரு யோசனை சொன்னேன். சிரித்தார், பின்பு ஒப்புக்கொண்டார். சென்ற மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக இடக்காலால் மட்டுமே ஆடுகிறோம். முதல் வாரம் பாதிப் பேர் பந்தை உதைக்காமல் காற்றை உதைத்து விழுந்தார்கள். வேடிக்கை பார்த்த பெண்கள் விடுதி மாணவியர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டாம் வாரம் விழுந்தவர் தொகை குறைந்தது. சென்ற வாரம் நம் பின்னணி ஆட்டக்காரர் ஒருவர் இடக்காலால் தரையோடு அனுப்பிய பந்து, மூன்று பேர் கால் மாறி, கோலுக்குள் சென்றது. கோலில் நின்றவன் நான்தான். ஆயினும் எனக்கு வருத்தம் இல்லை.

அடுத்த திங்கள் வங்காளத்தாரோடு மறு ஆட்டம். ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பயிற்சி. வர விரும்பும் அன்பர்கள் பூட்சோடு வரவும். இல்லாதவர்க்கு இரண்டு சோடி பழைய பூட்சுகள் என் அறையில் இருக்கின்றன.